விபத்தில்லாத 327-ஆம் நாள்

செப்டம்பர் 30, செவ்வாய்

கம்பெனியில் ஆயுதபூஜை. ஹெல்மெட்டுகளையும் கழற்றிப் பூஜையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாயிற்று. வெறும் தலையோடு பிரஸ் மெஷினுக்கு அடியில் குனிந்து பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மெஷினின் இரும்புக் கதவில் தலை — டங். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

வாசல் போர்டில் 'விபத்தில்லாத நாள் 327'. 365-ஐத் தொட்டால் எங்கள் லைனில் ஆளுக்கொரு குக்கர் பரிசு. ஒரு புடைப்புக்காக முப்பது பேர் குக்கரைக் கெடுப்பேனா? வீட்டுக்காரி ராசாத்தியிடமும் மூச்சு விடவில்லை. பாவம், கைப்பிடியில் கம்பி கட்டித்தான் அவள் குக்கர் ஓடுகிறது.

அக்டோபர் 3

புடைப்பு வற்றிவிட்டது. தலைக்குப் பாஸ் போட்டேன். இருபத்தெட்டு வருஷக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சும்மாவா?

அக்டோபர் 27, திங்கள்

மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு ராசாத்தி மாடிக்குப் போனாள். நான் எண்ணியது இரண்டு. பருப்பு கரிந்து வீடெல்லாம் புகை. ஏழு விசில் மாடிக்கே கேட்டதாம். என் கணக்கு தப்புமா?

அக்டோபர் 31

விடாத தலைவலி. இடது செருப்பு கழன்றதே தெரியாமல் பஸ் ஸ்டாண்டுவரை நடந்திருக்கிறேன். நான் ஒரு பக்கமாகச் சாய்வதாக லைன் ஆபரேட்டர் ராமப்பன் சொன்னான். தரைதான் சாய்வு என்றேன்.

மத்தியானம் நல்ல பீஸைத் தள்ளிவிட்டுக் கெட்டதுக்குப் பாஸ் போட்டேன். நானா? பயமாக இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

ராசாத்தி இழுத்துப் போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். எப்போது அடிபட்டது என்று டாக்டரம்மா கேட்டார். நேற்று பாத்ரூமில் வழுக்கினேன் என்றேன். குக்கருக்கு இன்னும் மூன்றே நாள்தானே!

அவர் படத்தைக் காட்டினார். "நேத்து ரத்தம்னா வெள்ளையா தெரியும். இது கறுப்பா இருக்கு. மூளைக்கு மேல கசிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. இன்னும் தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

ஒப்புக்கொண்டேன். ராசாத்தி என்னை ஒரு முறை முறைத்தாள். அதுதான் ஸ்கேனைவிடப் பயம்.

இந்தக் கசிவுக்கான அடையாளத்தை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் ஆராய்கிறார்களாம். ஒரு குழாய் ரத்தம் கேட்டார்கள், கொடுத்தேன். பலித்தால் என்னைப் போன்ற பொய்யனிடம் கேள்வியே கேட்க வேண்டாம்.

நாளைக்கு மண்டையில் துளை. சாகப் பயமாக இருக்கு. அவ தனியா என்ன பண்ணுவா? ஒரு குக்கருக்காகவா — சீ.

நவம்பர் 8, சனி

இருக்கிறேன். தலையில் இரண்டு ஓட்டை, வலி இல்லை.

ராமப்பன் வந்தான். ராசாத்தி கம்பெனிக்குச் சொல்லிவிட்டதால் ஆயுதபூஜையிலிருந்து போர்டைத் திருத்தி எண்ணுகிறார்களாம், இன்றைக்கு 39. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நீங்க இடிச்சிக்கினத அன்னைக்கே பாத்தேண்ணா. குக்கர் போயிடும்னு வாய மூடிக்கினேன்."

சொல்லிவிட்டு அழுதான். பூஜைத் தட்டு பிடித்திருந்த சுகுணாவும் பார்த்தாளாம். அவள் வழியாக லைன் முழுக்கத் தெரியுமாம். எனக்காக முப்பது பேர் ரகசியம் காத்திருக்கிறார்கள்! திட்டவா, கும்பிடவா?

டிசம்பர் 14, ஞாயிறு

கம்பி கட்டிய குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு ராசாத்தி மாடிக்குக் கிளம்பினாள். இந்த முறை விசில் எண்ணச் சொல்லவில்லை. நானாகவே எண்ணினேன். மூன்று. அணைத்துவிட்டுத் திரும்பினால், மேலே போகாமல் படியிலேயே நின்று அவளும் எண்ணியிருக்கிறாள்.

"பாஸ்" என்றாள்.