இரண்டு விரல் தள்ளி

ஜூன் 3

தங்கச்சிக்கு,

போனில் பேசினா அழுதுடுவேன், அதான் எழுதுறேன். மார்பில் ஊசி விட்டுச் சதை எடுத்தாங்களே, ஆரம்பக்கட்டப் புற்றுநோயாம். எடுத்த இடம் அடையாளம் தெரியணும்னு எள்ளு மாதிரி ஒரு உலோகத் துணுக்கை உள்ளேயே வெச்சிருக்காங்க. இப்போ பார்த்தா அது இரண்டு விரல் தள்ளி நிக்குதாம்! அப்போ ஊசி போனதே தப்பான இடமா? ஆபரேஷனில் எதை வெட்டுவாங்க? உன் மாமா வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்ங்கிறார். நேத்து ஆறாம் வகுப்புக்குப் போய் ஏழாம் வகுப்புப் பெயர்களை வாசிச்சேன். பிள்ளைங்க சிரிச்சுதுங்க. நீ தினமும் மார்பக எக்ஸ்ரே எடுக்கிறவ. உள்ளதைச் சொல்லு.

குழம்பிப் போன
அக்கா

ஜூன் 9

அக்கா,

ஊசி தப்பாப் போச்சுன்னு அர்த்தமில்லை. மார்பை எக்ஸ்ரே மெஷினோட ரெண்டு தட்டுக்கு நடுவில் அழுத்தி வெச்சுத்தான் துணுக்கை விடுவாங்க. தட்டைத் தளர்த்தினதும் சதை விரியும், துணுக்கும் கூடவே நகர்ந்துடலாம். எங்க ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கேன்.

டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: "துணுக்கை நம்பி வெட்டுவீங்களா, படத்தில் மிச்சமிருக்கிற சுண்ணாம்புப் புள்ளிகளைப் பார்த்தா?" வெள்ளையாத் தெரியற அந்தப் புள்ளிகள்தான் நோய் இருக்கிற இடத்தைக் காட்டும். மாமாவை விட்டுக் கேட்காதே, நீயே கேளு.

ஒருக்களிச்சுப் படுக்கும்போது அக்குளுக்கடியில் சின்னத் தலையணை வெச்சுக்கோ. சுருக்குன்னு குத்தறது நிக்கும்.

உன் தங்கச்சி

ஜூலை 2

தங்கச்சிக்கு,

கேட்டேன். டாக்டர் முதல்ல முகம் சுளிச்சார். அப்புறம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வெச்சுப் பார்த்துட்டு, "துணுக்குதான் நகர்ந்திருக்கு. புள்ளிகளைப் பார்த்து, வழிகாட்ட மெல்லிசா ஒரு கம்பி விட்டு, அந்த இடத்தை எடுக்கறோம்"னார். ஆபரேஷன் முடிஞ்சுது. எடுத்த சதையில் புள்ளிகள் எல்லாம் இருந்துதாம், ஓரங்களில் புற்று இல்லையாம், சுத்தமாம். துணுக்கு மட்டும் உள்ளேயே தங்கிடுச்சு. கெடுதல் இல்லையாம். அடையாளத்துக்கு வெச்சது இருக்கு, அது அடையாளம் காட்ட வேண்டிய இடம்தான் போயாச்சு. எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை.

இன்னொண்ணும் புரியலை. தலையணை வெச்சா குத்தல் நிக்கும்னு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்னு படம் எடுக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கா

ஜூலை 8

அக்கா,

மூணு வருஷமா எனக்குள்ளயும் ஒரு துணுக்கு இருக்கு. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான். வருஷா வருஷம் படத்தில் அதைப் பார்த்துட்டு, "இது ஏற்கெனவே சோதிச்ச இடம்"னு விட்டுடறாங்க. அதை வெச்சப்போ உன் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. கோபமா?

தங்கச்சி

ஜூலை 13

கோபம்தான். கூட யாருடி வந்தா? தனியாவா போய்ப் படுத்தே?

அடுத்த படம் என்னைக்குன்னு எழுது. வர்றேன். வேண்டாம்னு எழுதினாலும் வருவேன்.

அக்கா