வெடுக்கென்று இழுத்த விசை

பிள்ளையார்பாளையம்
4.6.1973

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. என் இடுப்பைத் தவிர இங்கு எல்லாம் சுகம்.

பறக்கும் மண் தட்டைச் சுடும்போது வெடிக்கு முந்தியே கண் மூடுகிறது, தோள் குலுங்குகிறது, இப்படியே போனால் பட்டாளத்துப் போட்டிக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அது என் ரத்தம்தான். திருவிழா வேட்டுக்கு நான் உங்கம்மா முதுகுக்குப் பின்னால் நிற்பது ஊருக்கே தெரியும்.

ஆனாலும் ஒரு யோசனை. தறியில் ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடக் கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறோமே, அப்படித் துப்பாக்கி விசையை இழு. பயப்பட நேரமே இருக்காது.

"துப்பாக்கியப் பத்தி உனக்கு இன்னாய்யா தெரியும்?" என்கிறாள் உங்கம்மா. எட்டாவது வரை படித்திருக்கிறேன் என்றேன்.

அன்புடன்,
பரமசிவம்


பெங்களூர்
15.6.1973

அன்புள்ள அப்பாவுக்கு,

வெடுக்கென்று இழுத்தேன். முன்பு ஒன்றிரண்டு தட்டாவது உடையும். இப்போது எல்லாம் முழுசாகப் புல்லில் போய் இறங்குகின்றன. "பொறுக்கி அடுக்கி வைடா, நாளைக்கும் ஆகும்" என்கிறார் சுபேதார்.

முதல் தேதி தேர்வு. அதற்கு முன்பே என் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சம்பந்தம்


பிள்ளையார்பாளையம்
19.6.1973

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து தறியில் கை ஓடவில்லை. ஊசிப் பட்டாசு கொளுத்தாதவன் பட்டாளத்தானுக்குப் பாடம் எடுத்தேன் பார்.

பெயரை எடுக்காதேடா. நான் சொன்னதை மறந்துவிடு. நன்றாகச் சுடுகிறவன் ஒருவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல். நெசவில் என் தப்பு என் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. உங்கம்மாதான் சொல்வாள், கேட்காமலே.

அப்பா


பெங்களூர்
2.7.1973

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கள் குழுவில் நன்றாகச் சுடுகிற ஆர்க்காட்டு லியாகத் அலி பக்கத்தில் நின்றான். "தோட்டாவ நான் போடறேன்பா. சில வாட்டி போடமாட்டேன். நீ பாக்காத" என்றான். காலித் துப்பாக்கி டிக்கென்றது. குழல் மட்டும் தரையைப் பார்த்துக் குனிந்தது. "வெடிக்காததுக்கே இவ்ளோ மரியாதையா?" என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தினமும் அப்படியே பழகினோம். காதில் பஞ்சு, துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிய கன்னம், கண் தட்டின் மேல். விசையை இழுக்காமல் அழுத்தினேன். சுட்ட பிறகும் குழலை நிறுத்தாமல் தட்டின் போக்கிலேயே கொண்டுபோனேன்.

நேற்றுத் தேர்வில் பாதிக்கு மேல் தூளாகிவிட்டன. குழுவில் இருக்கிறேன் அப்பா.

சம்பந்தம்


பிள்ளையார்பாளையம்
6.7.1973

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன். லியாகத் அலியை லீவுக்குக் கூட்டி வா. அம்மா கையால் சாப்பிடட்டும்.

ஒரு சங்கதி. "வெடுக்குனு இழுன்னு அவங்கப்பா யோசனை சொன்னாரு, புள்ள ஜெயிச்சிக்கினான்" என்று உங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை மெச்சிப் பேசி இப்போதுதான் கேட்கிறேன். நான் மறுக்கவில்லை. வரும்போது நீங்கள் இருவரும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

உன் அப்பா,
பரமசிவம்