கூரை விழாத உலகம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ வரைந்த பக்கங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பேருந்து நிலையம் இடிகிறபோது நம் காமிக்ஸ் நாயகன் தாங்கியின் முழங்கால் நடுங்குகிறதே, அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற எங்கள் கூட்டத்தை அசைப்பது லேசில்லை. மேலாளர் மட்டும், "இவ்வளவு கட்டடம் இடிஞ்சா கம்பெனி திவாலாயிடுமே" என்று கவலைப்பட்டார்.

அவருக்கு நம் சட்டத்தை விளக்கினேன். நம் காமிக்ஸ் உலகத்தில் மாற்றம் ஒன்றே ஒன்றுதான். நிஜத்தில் நாற்பத்தொரு பேரைக் கொன்ற அந்தக் கிடங்குக் கூரை, கதையில் சரிந்தபோது தாங்கி வந்து தோள் கொடுத்தான். நாற்பத்தொரு பேரும் பிழைத்தார்கள், என் அப்பாவும் பிழைத்தார். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகக் கிளம்ப வேண்டும். யாரும் சாகாததால் விசாரணை இல்லை. விசாரணை இல்லாததால் தூண்களுக்குப் புதிய விதி வரவில்லை. ஊரெல்லாம் நோஞ்சான் கட்டடம், தாங்கிக்கு ஓய்வே இல்லை. மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

கடைசி இதழின் கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் சண்டை கிடையாது. முப்பது வருடம் கழித்து அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார், அம்மாவோடும் என்னோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் முந்தைய பதினோரு இதழையும் எழுதினேன் என்றால் சிரிக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. போன கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்புடன்
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், போதுமா? அறைக்குக் கீழே அச்சகம் ஓடுவதால் தட்டு தானாக நகர்கிறது, அதைத் துரத்திக்கொண்டு சாப்பிடுகிறேன்.

கதையில் ஒரு ஓட்டை. எட்டாம் இதழில் பாலத்தைத் தாங்கியவன் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பேருந்து நிலையம் அதைவிடக் கனம். மறுநாளே எப்படி ஓடுகிறான்? வாசகர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். சரிசெய்.

இன்னொன்று. கடைசிப் பக்கத்தில் மூன்று தட்டு என்று எழுதியிருந்தாய். பென்சிலில் போடும்போது, என்னை அறியாமல் கை நாலாவதையும் போட்டுவிட்டது. நான் எப்போதும் உட்காருகிற ஜன்னல் பக்கம். அழிக்கப் போனபோதுதான் உறைத்தது. கூரை விழாவிட்டால் உன் அப்பா சாகவில்லை. அவர் சாகாவிட்டால் அம்மா என் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டிருக்க மாட்டாள். அப்புறம் நான் எங்கே?

தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புப் பிடிக்கிறாய். தாங்கியை ஒரு வாரம் படுக்க வைத்துவிட்டேன், திருப்திதானே?

தட்டு விஷயத்துக்கும் வழி கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் சாப்பிட வந்திருப்பதாக வைத்துக்கொள். அவனுக்கு உன் முகத்தையே வரை. சட்டமும் கெடாது, நீயும் இருப்பாய். ராத்திரி இது தோன்றியதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன்
அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

பதில் எழுத மனமே வரவில்லை. இப்போதும் மனம் வந்து எழுதவில்லை.

போன வாரம் அப்பா வந்திருந்தார். நாம் சும்மா அனுப்பினாலும், நீ சித்தப்பா என்று கூப்பிடுகிற அவர் ஒவ்வொரு இதழையும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார், தெரியுமா? தையல் மெஷின் பக்கத்தில் பதினொன்றையும் அடுக்கி வைத்திருக்கிறார். இங்கே மேசையில் அந்தப் பென்சில் பக்கத்தைப் பார்த்துவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல நாம ரெண்டு பேரும் இல்லையாடா?" என்று கேட்டார். கதைதானே அப்பா என்று பூசி மெழுகினேன். "அதுவும் சரிதான். அவ அப்பா இருந்தா நமக்கு அங்க என்ன வேலை" என்றார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். அப்புறம் சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் பக்கத்து வீட்டுக்காரனாக வர மாட்டேன் அக்கா. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். தாங்கி நிஜமாகவே உன் முன்னால் வந்து நின்று, அந்தக் கூரையைப் பிடிக்கட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வாய்?

தம்பி


ஏப்ரல் 9

என் தம்பிக்கு,

பிடி என்றுதான் சொல்வேன்.

பொய் எழுத இரண்டு நாள் முயன்றேன். உன்னிடம் அது வரவில்லை. எனக்கு ஆறு வயது. கிடங்கு வாசலில் செருப்புகளை வரிசையாக வைத்து, உங்க அப்பாவோடது எது பாப்பா என்று கேட்டார்கள். நான் சரியாகக் காட்டினேன். இத்தனை வருடமும் அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை.

நீ பிறந்ததும் முதலில் என் மடியில்தான் வைத்தார்கள். என் தம்பி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அன்றைக்கும் அப்பா இருந்திருந்தால் என்றுதான் நினைத்தேன். இரண்டு ஆசையும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று பத்து வயதில் தெரியவில்லை. மூன்றாம் இதழ் எழுதும்போது தெரிந்துவிட்டது. தெரிந்தும் உன்னிடமே வரையக் கொடுத்தேன். இதற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

பிடி என்று சொல்லிவிட்டு, அந்த உலகத்தில் தெருத்தெருவாக யாரையோ தேடிக்கொண்டே இருப்பேன். யாரை என்று எனக்கே தெரியாது.

அந்தப் பக்கத்தை வரையாதே. வேறு முடிவு எழுதுகிறேன். கோபமாகவாவது ஒரு வரி போடு.

அக்கா


மே 6

அக்கா,

வேறு முடிவு வேண்டாம். பக்கத்தை முடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று தட்டுதான்.

உன் அப்பாவை நான் பார்த்ததில்லை. இருக்கிற ஒரே போட்டோவிலும் அவர் சிரிக்கவில்லை. அதனால் நீ சிரிக்கும்போது உன் உதடு ஒரு பக்கமாக ஏறுமே, அதையே அவருக்கு வைத்தேன். பொருந்திவிட்டது. நான் வரைந்ததிலேயே நல்ல பக்கம் இதுதான். வரைந்து முடித்துவிட்டு அழுதேன். ஆறு வயதுப் பிள்ளை அப்பாவைக் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை அக்கா. எனக்கு அது புரிகிறது. புரிவதால் வலி குறையவில்லை.

அடுத்த கதைக்கு வேறு ஓவியரைப் பார். கொஞ்ச காலம் கடிதமும் வேண்டாம். அப்பாவை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வா, இதைப் பற்றி அவரிடம் எதுவும் பேசாதே.

அட்டையில் என் பெயர் போட வேண்டாம். அந்த உலகத்தில் இதை வரைய ஆள் இல்லை. நம் சட்டப்படி அதுதான் சரி.

தம்பி