வைகாசி வரைக்கும்

அன்பு மாமாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பாப்பா இப்போதுதான் கண்ணசந்தாள். போனில் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவீர்கள், அதான் கடிதம்.

பிரவீணா கடையில் ஆரி எம்பிராய்டரி பழகுகிறேன் இல்லையா? இன்றைக்கு நான் வேலைப்பாடு செய்த கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்த்த பெண் கழற்றவே மாட்டேன் என்றுவிட்டது! என் முதல் ரவிக்கையில் இரண்டு கையிலும் போட்ட மயில்கள் எதிரெதிரே பார்க்காமல் ஒரே பக்கம் பார்த்தன. "என்னக்கா, ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை இல்லையா?" என்று சிரித்துவிட்டு, கெட்டுப்போன துணிக்குப் பதிலாகப் பிரவீணாதான் தன் காசில் வேறு துணி எடுத்தாள்.

அந்தக் காலத்தில் தொழில் பழகியவர்களை வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் ஏன் வைத்திருந்தார்கள் என்று காலேஜ் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். முதலில் கெடுத்ததை, தேறிய பிறகு உழைத்து ஈடுகட்ட வேண்டுமாம். இப்போதுதான் புரிகிறது.

"இனிமேதான்க்கா உங்களால எனக்கு லாபம். அண்ணன் கூப்பிட்டாகன்னு பஸ்ஸு ஏறிராதீக" என்றாள் பிரவீணா.

வைகாசி வரைக்கும் சம்பளமில்லாமல் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், மாமா. உங்களைக் கேட்காமல்தான். பயமாகவும் இருக்கிறது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. சென்னையில் நீங்கள் பார்த்திருக்கிற வீட்டுக்கு நாங்கள் தையில் குடிவருவதை வைகாசிக்குத் தள்ளிப்போடலாமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா