என் விரலுக்கு நீதான் சாட்சி

பிப்ரவரி 6

அன்பு மச்சானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கச்சியும் சுகம். உன் மகன் வீட்டில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

இதை எழுதுவது நான்தான். உன் தங்கச்சி அல்ல. நேற்றுக் காலை உட்கார்ந்தேன், இன்று மத்தியானம் ஆகிறது. அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "வேர்த்து விறுவிறுத்து யாருக்கு எழுதறீங்க, மந்திரிக்கா?" என்று கேட்கிறாள். உனக்கு என்றேன். "எங்கண்ணனுக்கா? அதுக்கு ஏன் இவ்வளவு நல்ல பேப்பர்?" என்கிறாள்.

ஆலயத்தின் பக்க அறையில், பாடகர் குழு உட்காரும் பெஞ்சுகளில், ஆறு மாதமாகப் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா சொல்லித் தருகிறார். நாற்பது வருடம் ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினேன், ஒன்றையும் வாசித்ததில்லை. முகம் இருந்தால் தலை எந்தப் பக்கம் என்று தெரியும். வெறும் எழுத்தாக இருந்தால், மேல் ஓரத்தை மடித்துத் தரும்படி அச்சகக்காரரிடம் சொல்லி வைத்திருப்பேன். ஒருமுறை அவர் மறந்துவிட்டார். பல் மருத்துவரின் விளம்பரம் நான்கு தெருவுக்கும் தலைகீழாக நின்றது. கழுத்தைத் திருப்பித் திருப்பி அதைப் படித்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்ததையும் அப்படியே ஒட்டச் சொன்னார் அந்த மருத்துவர்.

இப்போது கடைத்தெரு வரை போக முக்கால் மணி நேரம் ஆகிறது. முன்பு பத்து நிமிடம். ஒரு சுவரையும் விட மனம் வரவில்லை.

உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். "அந்தத் தடியன் எப்படி இருக்கிறான்" என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறாய். நீ மகன் வீட்டுக்குக் குடிபோன இத்தனை மாதமாக உன் தங்கச்சி அதை, "மாப்பிள்ளை நலமா" என்றுதான் எனக்கு வாசித்தாள்.

செய்தித்தாளும் வாசிக்கிறேன். ஒரு மந்திரி தவறு செய்துவிட்டார் என்ற செய்தியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவர் பதவி விலகியே விட்டார். அவருக்காக நான் ஏறெடுத்த ஜெபமெல்லாம் தாமதம்.

பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீ இருபது வருடம் செய்த செய்தி ஜெபத்தை, மார்ச் 8 ஞாயிறு அன்று என்னைச் செய்யச் சொல்லியிருக்கிறார் போதகர். அந்த வாரத்துச் செய்தி மூன்றைச் சபைக்கு வாசித்துக் காட்டி, அவற்றுக்காக ஜெபிக்க வேண்டும். நான், மச்சான், பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், கையில் தாளோடு.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவது ஆலய மதிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பழைய பேப்பர், பாட்டில் பிரிக்கிற அம்மா. என்னைவிட வேகம். நான் ஒரு வரியில் திணறினால், "மெதுவா வாங்க ஐயா, எழுத்து எங்கயும் ஓடிப் போயிடாது" என்கிறாள்.

கை வலிக்கிறது. மற்றவை பிறகு.

இப்படிக்கு,
அந்தத் தடியன்

*

பிப்ரவரி 20

மச்சான்,

உன் பதில் வருமுன் மறுபடி எழுதுகிறேன். மனம் சரியில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு, வீட்டில் இருக்கிற தாள் ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். எழுத்து எங்கே இருந்தாலும் பயமில்லாமல் வாசிக்க வேண்டும் என்பதற்காக. நான் இருமல் மருந்தின் சீட்டைக் கொண்டுபோனேன். பக்கத்து அம்மா ஒரு நீளமான உறையைக் கொண்டுவந்தாள். நகராட்சியிலிருந்து வந்தது. "படிச்சுட்டேன் ஐயா. ஆனா நான் படிச்சது சரியான்னு தெரியல. நீங்களும் படிங்க" என்றாள்.

இரண்டு பேரும் விரல் வைத்து வரிவரியாகப் போனோம். மதிலுக்குப் பின்னால் இருக்கும் எட்டுக் குடும்பங்களும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆட்சேபணை இருந்தால் மார்ச் 20க்குள் தெரிவிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் இருபத்து மூன்று பேர் கொடுத்த விண்ணப்பத்தின் பேரில் இந்த நடவடிக்கை. விண்ணப்பத்தின் நகலும் கூடவே இருந்தது. உன் கையெழுத்து எவ்வளவு அழகு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது மச்சான். கீழே எல்லோருடைய பெயரும். பதினேழாவது பெயரில் என் விரல் நின்றுவிட்டது.

வகுப்பில் நான் முதலில் எழுதக் கற்ற வார்த்தை அது.

பக்கத்தில் என் பெருவிரல் ரேகை. அதைச் சுற்றிப் பசைக் கறை. போன வருடம் மழைக்கு முன்னால், நான் ஏணியில் நின்றபோது நீ தாளை நீட்டினாய். "என்ன மச்சான் இது?" என்று கேட்டேன். "தெருவிளக்கு வேணும்னு எழுதியிருக்கு, வைடா" என்றாய். கையைக்கூடக் கழுவாமல் வைத்தேன்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அப்போ படிக்கத் தெரியாது இல்ல?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். தாளை மடித்து உறையில் போட்டுக்கொண்டாள். நேற்று வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மச்சான், இருபது வருடமாக உன் செய்தி ஜெபத்தைக் கேட்டிருக்கிறேன். எங்கோ வெள்ளம் என்றால் அழுதிருக்கிறோம். எங்கோ சண்டை என்றால் முழங்காலில் நின்றிருக்கிறோம். பெயர் சொல்ல வராத நாட்டுக்கெல்லாம் ஜெபித்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அயலான் என்றால் தூரத்தில் இருப்பவன் என்றே நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

8ஆம் தேதி மூன்றாவது செய்தியாக இதை வாசிக்கப் போகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று மட்டும் எழுது.

உன் தங்கச்சிக்கு இதெல்லாம் தெரியும். அண்ணனுக்கு அன்பு என்று எழுதச் சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை

*

பிப்ரவரி 25

மாப்பிள்ளைக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இந்த வயதில் நீ எழுதக் கற்றது மெத்த மகிழ்ச்சி.

விண்ணப்பம் பற்றி. தெரு சீராக வேண்டும் என்பதே அதன் நோக்கம். தெருவிளக்கும் அதில் அடக்கம் என்ற பொருளில்தான் சொன்னேன். ஆராதனை நேரத்தில் அவர்கள் தகரத்தை நெளிக்கும் சத்தத்தில் போதகரின் குரல் எத்தனை முறை கேட்காமல் போனது என்பது உனக்குத் தெரியும். சபையின் செயலராக, சபையின் நன்மைக்குச் செய்தேன். எனக்கென்று அதில் ஒரு லாபமும் இல்லை.

செய்தி ஜெபத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அது உலகத்துக்கானது. உள்ளூர்ச் சச்சரவை அங்கே கொண்டுவந்தால் சபை பிளவுபடும். என் பெயரை நீ சொல்லாவிட்டாலும் எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் செய்வாய் என்றால் நமக்குள் இனி கடிதம் வேண்டாம்.

தங்கைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மைத்துனன்

*

மார்ச் 9

மச்சான்,

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பத்துத் தடவை வாசித்தேன். ஆனாலும் எழுதுகிறேன். எழுதக் கற்றவனை எழுதாதே என்று சொல்வது கொடுமை.

நேற்று வாசித்தேன். முதல் செய்தி, பஸ் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம் முடிந்தது. இரண்டாவது, சண்டை போட்ட இரண்டு நாடுகள் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. மூன்றாவதை வாசிக்கத் தொடங்கி நடுவில் மூச்சு வாங்க நின்றேன். முடித்துவிட்டேன் என்று நினைத்து ஆர்மோனியக்காரர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். "இன்னும் ரெண்டு வரி இருக்கு, பொறுங்கப்பா" என்றேன். சபை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான் அந்த இரண்டு வரி வந்தது. காலி செய்யச் சொல்லிக் கேட்டது நாம். காலி செய்யப் போவது எட்டுக் குடும்பம்.

ஜெபம் எழுதி வைத்திருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்து எழுத்துத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆண்டவரே, என் விரல் எங்கே பட்டதுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. இப்போ தெரியும். இனிமே தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்." அவ்வளவுதான். ஆமென் சொன்னவர்கள் பாதிப் பேர்.

வெளியே வந்ததும் தையல்காரர் வழிமறித்தார். "நீங்க படிக்காம வெச்சீங்க. நாங்க படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். எங்களை ஏன் குத்திக் காட்டறீங்க?" என்றார். "குத்தலப்பா, எனக்கு ஆண்டவர்கிட்ட பேச வேற இடம் தெரியல" என்றேன். வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் மனைவியோடு திரும்பி வந்தார். இரண்டு பேரும் விண்ணப்பத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தார்கள். "ராத்திரி முழுக்க இவ என்னைத் தூங்க விடமாட்டா, அதான்" என்றார். இன்று காலைக்குள் பதினொரு பேர்.

எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். இருபத்து மூன்று பேரில் பாதிக்கு மேல் விலகினால் விண்ணப்பம் தள்ளுபடி என்றார் குமாஸ்தா. என்னோடு பன்னிரண்டு. கணக்குச் சரி என்று சிரித்தேன். என் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"இது செல்லாது பெரியவரே."

"ஏன் தம்பி?"

"எங்க பதிவுல இருக்கிறவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். கைநாட்டு. நீங்க முழுப் பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. நீங்க எப்படி அவராவீங்க?"

"விரல் அதே விரல்தான். வெச்சுப் பாருங்க."

"ரேகை பார்க்க இங்க ஆள் இல்ல. அன்னிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நேர்ல வந்து, இவர்தான் அவர்னு சொல்லணும்."

மச்சான், படித்தவன் என்று ஒருவர் என்னைச் சந்தேகப்பட்டது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

சாட்சிக் கையெழுத்து உன்னுடையது. பன்னிரண்டாவது ஆளாக வேறு யாரும் வரமாட்டார்கள், எல்லோரையும் கேட்டுவிட்டேன். உன் கையெழுத்தை எடு என்று நான் சொல்லவில்லை. அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில். என் விரலை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடு. 20ஆம் தேதி கடைசி நாள்.

நீ வராவிட்டாலும் நீ என் மச்சான்தான். ஆனால் அந்த அம்மா பக்கத்தில் என்னால் திரும்ப உட்கார முடியாது.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை

*

மார்ச் 14

மாப்பிள்ளை,

முன்பெல்லாம் உனக்கு எழுதும்போது தங்கை வாசிப்பாள், வேண்டாததை அவளே தள்ளிவிடுவாள் என்ற தைரியம் இருந்தது. இதை நீ வாசிப்பாய். அதனால் மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சென்ற கடிதத்தில் சுற்றி வளைத்தேன். அந்த விண்ணப்பத்தை மற்ற இருபத்தொரு பேருக்கு நான் வரி விடாமல் வாசித்துக் காட்டினேன், அல்லது அவர்களே வாசித்தார்கள். உனக்கு மட்டும் வாசிக்கவில்லை. வாசித்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அவங்க எங்க போவாங்க மச்சான்?" என்று ஏணியில் நின்றபடியே கேட்டிருப்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீ கேட்டுவிட்டால் அப்புறம் என்னாலும் கையெழுத்துப் போட முடியாது. அதற்குப் பயந்துதான் தெருவிளக்கு என்றேன்.

இருபது வருடம் செய்தி ஜெபம் செய்தவன் சொல்கிறேன். தூரத்துச் செய்திக்கு ஜெபிப்பது சுலபம். அங்கிருந்து யாரும் வந்து கேள்வி கேட்பதில்லை.

என் மகன் லீவு போட்டுக் கூட்டிவருகிறேன் என்கிறான். வேண்டாம் என்றேன், எனக்கு பஸ் போதும். ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம் முடிந்தது என்று நீதான் எழுதியிருக்கிறாயே. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அந்த அலுவலக வாசலில் நிற்பேன். இவன்தான் அவன் என்று குமாஸ்தாவிடம் சொல்வேன். அவர் நம்பாவிட்டால், ஐம்பது வருடமாக நீ செய்த முட்டாள்தனங்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன், மத்தியானத்துக்குள் நம்பிவிடுவார். பிறகு என் பெயரையும் அடிக்கச் சொல்வேன். பதின்மூன்றாகட்டும்.

அதை முடித்துக்கொண்டு மதிலுக்குப் பின்னால் போக வேண்டும். அந்த அம்மாவிடம் நீ ஒன்றும் முன்கூட்டிச் சொல்லி வைக்காதே. விண்ணப்பத்தை எழுதியது யார் என்று நானே சொல்கிறேன். அவள் திட்டினால் நீ குறுக்கே பேசக் கூடாது. நீ பக்கத்தில் நின்றால் போதும்.

தங்கைக்கு அன்பு. அவள் யோசிக்காமல் அனுப்பும் அன்புக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் விரலுக்குச் சாட்சியானவன்