நம் ஊருக்கு லீக் வருகிறதாம்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உன் முகத்தைப் பார்த்தேன். புதிதாகக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். அதன் பிளாஸ்டிக் நெடிகூட இன்னும் போகவில்லை. நடுவில் ஸ்டிக்கோடு பாய்கிற யாரோ ஒரு வீரர். ‘நம் மாவட்டத்துக்கு வருகிறது ஹாக்கி லீக்’ என்று பெரிய எழுத்து. வலது ஓரத்தில் நீ, நடுவர் சட்டையில், கழுத்தில் விசிலோடு. ‘மண்ணின் மகள்’ என்று உன் பெயருக்கு மேல் போட்டிருந்தார்கள். உனக்குக் கீழேயே, கைகூப்பியபடி, நம் ஹாக்கி சங்கத்துச் செயலாளர்.

நான் அழப்போகிறேன் என்று நினைத்தோ என்னவோ, பூக்காரம்மா தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நடுவர் பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்த கை, இப்போது உன் படத்துக்குக் கீழே நின்று கும்பிடுகிறது.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே டீமில் ஆடியவர்கள் நாம். நான் கோல் கீப்பர், நீ நடுக்களம். கல்யாணத்துக்குப் பிறகு நான் தபாலாபீஸில் உட்கார்ந்துவிட்டேன். நீ இலுப்பூர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டே நடுவர் தேர்வு எழுதிப் பாஸ் செய்தாய். சனி, ஞாயிறு எங்கே மேட்ச் என்றாலும் நீ இருப்பாய். பழைய மாணவிகள் மேட்ச் ஒன்றில் எனக்கே மஞ்சள் அட்டை காட்டி ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பும் பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். நீ கடலை உருண்டையை என் மடியில் வைத்துவிட்டு, “விசில் வாயில இருக்கயில எனக்கு யாரையும் தெரியாதுடி. இப்பத் தெரியுது, சாப்பிடு” என்றாய்.

லீக்காரர்கள் முதல் தடவை வந்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நீதான். பெரிய நகரங்களில் மட்டும் நடந்துகொண்டிருந்த லீக், புதிதாக ஒரு மாவட்டத்தில் டீம் வைக்கலாமா என்று பார்க்க, இங்கே ஒரு காட்சிப் போட்டி நடத்தியது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. “வாரவன் நமக்காகவா வாரான்? டிக்கெட் விக்க வாரான்” என்றேன்.

“வித்துட்டுப் போகட்டும். நாலு பெரிய ஊருக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடந்தா அது என்னடி லீக்கு? வெளையாடுற புள்ளைக இருக்குற ஊருக்கு வரட்டும். ஒன் மக கயலு நல்ல ஆட்டத்த நேர்ல பாப்பால்ல?” என்றாய்.

ஒரு அணிக்கு நம் மாவட்டத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். இரண்டு நடுவர்களில் நீ ஒருத்தி. மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. இடைவேளையில் லீக்கின் ஆள் ஒருவர் உன்னிடம் வந்து, “மேடம், ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகணும். கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொன்னாராம். நீ, “நல்லா வெளையாடச் சொல்லுங்க, போவாங்க” என்றாயாம்.

கடைசி நிமிடங்களில் நம் பெயர் போட்ட அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. அதன் நட்சத்திர ஆட்டக்காரர் கோலுக்கு முன்னால் பந்தோடு வந்து, யார் ஸ்டிக்கும் படாமலேயே விழுந்தார். கூட்டம் மொத்தமும் பெனால்டி கேட்டுக் கத்தியது. நான் பந்தைத் தடுத்தே வளர்ந்தவள், எனக்குத் தெரியும். அது நடிப்பு. நீ விசிலை ஊதி, எதிரணிக்குப் பந்தைக் கொடுத்து, விழுந்தவருக்குப் பச்சை அட்டை காட்டி இரண்டு நிமிடம் வெளியே அனுப்பினாய். ஆட்டம் அப்படியே முடிந்தது. தண்ணீர் பாக்கெட்டுகள் உன் மேல் வந்து விழுந்தன. நீ ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நனைந்த சட்டையோடு பஸ் ஏறினாய்.

லீக் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே தங்க நல்ல ஹோட்டல்கள் இருந்தன என்பதுதான் காரணம் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் ஊர் உன்னைத்தான் சொன்னது. ‘லீக்கை விரட்டினவ’ என்று பெயர் வைத்தது. உரம் வாங்க வந்தவர்கள்கூடக் கடையில் நின்று உன்னைக் கேள்வி கேட்டார்கள். சங்கக் கூட்டத்தில் உன் பெயரை நடுவர் பட்டியலிலிருந்து எடுக்கிறோம் என்று செயலாளர் வாசித்தபோது, மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். மாவட்ட அணித் தேர்வு அவர் கையில் இருந்தது. கயல் அந்த வருஷம் தேர்வுக்கு நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ ஒரு மேட்ச்சுக்கும் விசில் ஊதவில்லை. போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவள், பதினோரு நாளில் போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் லீக் வரவேற்புக் கூட்டம். போனேன். லீக்கிலிருந்து வந்திருந்தவர் நல்லவிதமாகவே பேசினார். திரையில் மாவட்டப் படத்தைக் காட்டி, “உங்க மாவட்டம் எங்களுக்குப் புது மார்க்கெட்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நாம் மார்க்கெட் என்றால் இலுப்பூரில் கடலை மூட்டை இறக்குகிற இடத்தைச் சொல்வோம். இங்கே மூட்டை யார் என்று கேட்கத் தோன்றியது. எழுந்தேன்.

“சார், சீசன் ரெண்டு மாசம்னு சொன்னீங்க. மிச்ச மாசமெல்லாம் கிரவுண்டு யாருக்கு?”

“செயற்கைப்புல் டர்ஃப் போட்டுட்டா மெயின்டெனன்ஸ் இருக்கும்மா. வெளி ஆளுங்கள உள்ள விட முடியாது.”

“வெளி ஆளுன்னா யாரு? தெனமும் காலையில அங்கிட்டுப் பழகுற எங்க புள்ளைகளா?”

அவர் செயலாளரைப் பார்த்தார். “அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், உக்காருங்க” என்றார் செயலாளர்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. பேனர்ல போட்டிருக்கீங்களே, அவள லிஸ்ட்லேருந்து எடுத்தது யாருங்க?”

“எறந்தவுகளுக்கு மரியாதை பண்றோம். அதுல என்ன தப்பு?”

“உசுரோட இருந்தப்பப் பண்ணியிருக்கணும். அன்னைக்கி அவ குடுத்தது சரியான தீர்ப்புன்னு இந்த மைக்குல சொல்லுங்க. பேனர் இருந்துட்டுப் போகட்டும்.”

செயலாளர் மைக்கை வாங்கினார். சாப்பாடு தயாராக இருப்பதாக அறிவித்தார்.

லீக் புது ஊர்களுக்குப் போகக் கூடாது என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். நீ சொன்னதுதான் சரி, ஆட்டம் இருக்கிற இடத்துக்கு அது வர வேண்டும். ஆனால் ஆடுகிறவர்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு வருவது என்ன வருகை? பொய்யாக விழுந்தவனுக்கு ஒரு பெனால்டியைக் கொடுத்திருந்தால் முன்பே வந்திருக்கும் என்று ஊரே சொன்ன லீக்கை மாலை போட்டு வரவேற்க இந்த ஊருக்கு எப்படி மனம் வருகிறது?

உன் படத்தை எடுக்கச் சொல்லலாம் என்று உன் வீட்டுக்கார அண்ணனிடம் போனேன். கேட்டார்கள் என்று படத்தைக் கொடுத்ததே அவர்தானாம். “வேணாம்மா. தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போக வச்ச ஊரு. இப்ப எல்லாரும் அண்ணாந்து அவ மூஞ்சியப் பாக்கட்டும்” என்றார். பேனர் அங்கேயேதான் இருக்கிறது.

லீக்கும் வரத்தான் போகிறது. என் பேச்சால் ஒன்றும் நிற்கவில்லை. செயலாளர் போட்ட பயிற்சி முகாம் பட்டியலில் கயல் பெயர் இல்லை. “போகுதும்மா. நீ கேட்டது கேட்டதுதான்” என்றாள். நம்மோடு ஆடிய இரண்டு பேர் என்னைக் கண்டால் கடைக்குள் நுழைந்துகொள்கிறார்கள். தபாலாபீஸ் கவுன்டரில் ஒருவர், “இவுகளும் லீக்க வெரட்டப் பாக்குறாக” என்று என் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். உனக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பட்டியலிலிருந்து உன்னை எடுத்த அன்று சாயங்காலம் நீ எனக்குப் போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. மறுநாள் நீயே, “வேலையா இருந்திருப்ப, பரவால்லடி” என்றாய். ஆமாம் என்றேன்.

வேலை ஒன்றும் இல்லை. போன் என் கையில்தான் இருந்தது. உன் பெயரைப் பார்த்துக்கொண்டே, அது அடித்து ஓயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.