மழை நாளில் தப்பிய பூனைகள்

பெங்களூர்,
ஐப்பசி, செவ்வாய்.

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

கயல்விழியின் வணக்கம். அப்பாவின் இருமல் நின்றதா? நான் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சௌகரியமாக இருக்கிறேன்.

பிள்ளைகளின் கவனக்குறைவு பற்றி நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஆய்வு நடக்கிறதல்லவா? கம்ப்யூட்டரில் படங்கள் வந்து போகும். பூனை வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில், இங்கே வேலை செய்கிற எங்களுக்கே அந்தச் சோதனையை வைத்துப் பார்த்தார்கள். பாதியில் வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்பா வடிகாலை வெட்டிவிட்டாரா, புதிதாக நட்ட பயிர் மூழ்கிவிட்டதா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பூனைகள் அதுபாட்டுக்கு வந்து போய்விட்டன; நான் பொத்தானை அழுத்தவே இல்லை.

ஆய்வை நடத்தும் சேலத்து டாக்டரம்மா என் முடிவைப் பார்த்துச் சிரித்தார். "உன்னையே ஆய்வுல சேர்த்துடலாம் போலிருக்கே."

"கவனமெல்லாம் இருக்கு மேடம். அது ஊர்ல, எங்க வலங்கைமான் வயல்ல நிக்குது" என்றேன்.

மறுநாளே, எந்தப் பிள்ளையையும் உட்காரவைக்கும் முன் வீட்டில் என்ன கவலை என்று கேட்கச் சொல்லிவிட்டார். கேட்பது என் வேலை. நேற்று ஒரு சிறுமி, தன் ஆடு அன்றைக்கே குட்டி போடும் என்றாள். அவளை அடுத்த வாரம் வரச் சொன்னோம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். மழை பெய்தால் காலையிலேயே கடை போனிலிருந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். தண்ணீர் வடியாவிட்டாலும் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கேட்டு முடித்ததும் டாக்டரம்மா, "உங்க வயல் என்னாச்சு?" என்று தினமும் என்னைக் கேட்கிறார். நீங்கள் சொன்னால்தானே நான் அவருக்குச் சொல்ல முடியும்?

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள்
கயல்